ரேஷன் உப்புக்காகக் காத்திருக்கலாமா?

மேலப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ரேஷனில் மலிவு விலைக்கு அயோடின் உப்பு தருவோம் என்கிறார்கள். எங்கள் கடையில் கேட்டால் பெரும்பாலும் இருப்பு இல்லை. சொன்னதைச் செய்வார்களா? அதுவரை தெருவில் குட்டியானை வண்டியில் வரும் தூத்துக்குடி கல்லுப்பை வாங்கலாமா?"

விலையில் அரசு சொன்னதைச் செய்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும், மாநில அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இல் அயோடின் உப்பைக் கிலோ 10 ரூபாய்க்கே கொண்டுவந்தது. ஆனால் உங்கள் கடைக்கு மாதந்தோறும் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குத்தான் உரிமை தருகிறது, உப்புக்கு இல்லை. கேட்பவருக்கு இருப்பு இல்லை. வேண்டாம் என்பவரிடம் "உப்பும் வாங்கினால்தான் அரிசி" என்கிறார்கள். இத்தனை வருஷமாகியும் இதைக்கூடச் சரிசெய்ய முடியவில்லை! அப்படிக் கட்டாயப்படுத்த எந்த விதியும் கிடையாது, மறுத்துவிடுங்கள்.

சரி, தெரு உப்பு. அதை வாங்காதீர்கள். சமையலுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்க 2006 மே முதல் தடை இருக்கிறது. கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும். விலக்கும் உண்டு. கருவாடு போட, தோல் பதப்படுத்த, மாட்டுத் தீவனத்துக்கு, ஆலைகளுக்கு என்று அயோடின் இல்லாத உப்பை விற்கலாம். எந்த உபயோகத்துக்கான உப்பு என்று மூட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும். இடைத்தரகர்கள் புகுந்துகொள்வது இந்த ஓட்டையில்தான். அளத்தில் அந்தக் கணக்கில் மூட்டை எடுக்கிறார்கள். வழியில் சாக்கைப் பிரித்து வெறும் பாலிதீன் பையில் கட்டினால் அந்த எழுத்தும் போய்விடும், உப்பு உங்கள் அடுப்படிக்கு வந்துவிடும். உப்பு வெள்ளையாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அயோடின் கண்ணுக்குத் தெரியாது. அளத்துத் தொழிலாளியை இதில் குறை சொல்லாதீர்கள், லாபம் அவருக்குப் போவதில்லை.

கல்லுப்புதான் பிடிக்குமென்றால் அயோடின் கலந்த கல்லுப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. அயோடின் உப்பைக் காட்டும் சிரிக்கும் சூரியன் முத்திரை, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தேதி நான்கையும் பாருங்கள். நாலு பேர் வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ தாராளம், அதனால் ரேஷனில் இல்லாத மாதம் கடையில் வாங்கினாலும் செலவு பெரிதாக ஏறாது. வீட்டுக்கு வந்ததும் மூடியுள்ள டப்பாவில் கொட்டி, அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறைந்துகொண்டே போகும்.

குட்டியானை மறுபடி வந்தால் வண்டி எண்ணைக் குறித்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதிகாரிகள் உப்பு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அது கிடைத்த 14 நாளில் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள், தானாக வராது.