இணையச் சேவைகள் இலவசத் திட்டத்தை ஏன் நிறுத்துகின்றன?

இலவசத் திட்டம் என்பது ஒரு சேவையைக் குறிப்பிட்ட அளவுவரை கட்டணமின்றிப் பயன்படுத்த நிறுவனம் தரும் அனுமதி. சேமிப்பிடம், மின்சாரம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான செலவைக் கட்டணம் செலுத்துவோரோ விளம்பரதாரரோ முதலீட்டாளரோ ஏற்கிறார்கள். காலியாக ஓடும் பேருந்தில் இன்னும் ஒருவரை ஏற்றுவதால் செலவு கூடுவதில்லை, ஆனால் இருக்கைகள் நிரம்பிய பின் மற்றொரு பேருந்தே வாங்க வேண்டும். பயனர்கள் பெருகும்போது சேவைகளுக்கும் இதுவே நேர்கிறது. முறைகேடும் ஒரு காரணம்: 2022 நவம்பர் 28 முதல் இலவசத் திட்டங்களை நிறுத்திய, செயலிகளை இணையத்தில் இயக்க இடம் தரும் ஹெரோகு நிறுவனம், மோசடிப் பயன்பாட்டைச் சமாளிக்கவே தன் குழுக்களின் உழைப்பு பெருமளவு செலவாவதாகக் கூறியது. இலவசத் திட்டம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தவுடன் தரவைப் பதிவிறக்கி வைப்பது மிகவும் அவசியம். இலவசக் கணக்கு தானாகவே கட்டணக் கணக்காக மாறிப் பணம் பிடிக்கப்படும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அட்டை விவரமே தராதவரிடமிருந்து அவ்வாறு பணம் எடுக்க இயலாது, பெரும்பாலும் கணக்கு முடக்கப்படும் அல்லது நீக்கப்படும்.