ஊர் புதிது, பள்ளி இல்லை, குழந்தையை விட ஆளும் இல்லை

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. கணவருக்கு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூத்தவள் ஊரில் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். கட்டணப் பாக்கி இருப்பதால் அந்தப் பள்ளி டிசி தர மறுக்கிறது. இங்கே கேட்ட இரண்டு பள்ளிகளிலும், 'டிசி இல்லாமல் முடியாது, ஜூனில் வாருங்கள்' என்றார்கள். பிள்ளை நாள் முழுக்க செல்போனோடு கிடக்கிறாள். சின்னவனுக்கு மூன்று வயது. எனக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, ஆனால் அவனை எங்கே விடுவது? அக்கம்பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள், யாரிடம் விசாரிப்பது என்றே தெரியவில்லை. ஊரில் மகள் நூலகத்துக்குப் போவாள். இங்கே அதற்கு வழி உண்டா?
- பெயர் வேண்டாம், ஓசூர்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் மூத்தவள். ஜூன் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பள்ளி மாறி அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ சேரும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் (டிசி) வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. கல்வியாண்டு நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. கட்டணப் பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைப்பது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உங்களைத் திருப்பி அனுப்பியவை தனியார் பள்ளிகள் என்றால் 5ஆம் பிரிவை அங்கே காட்டிப் பயனில்லை, அது அவர்களைக் கட்டுப்படுத்தாது. அரசுப் பள்ளி என்றால் கட்டாயம் கட்டுப்படுத்தும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைமையாசிரியரிடம் நேரில் பேசுங்கள். பழைய ரேங்க் கார்டு, ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், இவற்றில் எது இருக்கிறதோ அதை எடுத்துப் போனால் போதும். மகளின் எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பழைய பள்ளி கொடுத்த அடையாள அட்டையிலேயே இருக்கலாம். பழைய பள்ளி அவளை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பட்டியலுக்கு, விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பதிவேட்டில் ஏற்ற முடியும். அது பள்ளிகளும் கல்வி அலுவலகமும் தங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை. அது முடியும்வரை பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். தலைமையாசிரியர் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள், அல்லது பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சண்டை வேண்டாம், '5ஆம் பிரிவு' என்று ஒரு வார்த்தை சொன்னாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு சேருங்கள்: எந்த வழி வகுப்பு? ஓசூர், தளி, கெலமங்கலம், பாகலூர் பக்கமெல்லாம் தெலுங்கு, கன்னடம், உருது வழி அரசுப் பள்ளிகள் உண்டு. சில இடங்களில் ஒரே வளாகத்தில் இரண்டு வழியும் இருக்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கெல்லாம் தமிழ் கட்டாயப் பாடம்தான், ஆனால் கணக்கும் அறிவியலும் எந்த மொழியில் நடக்கிறது என்பது முக்கியம். உங்கள் மகள் ஆங்கில வழியில் படித்திருந்தால் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தெலுங்கு பேசும் பிள்ளைகளோடு விளையாடுவது பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறே மாதத்தில் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அவளாகத்தான் இருக்கும்.

'தனியார் பள்ளியில் படித்த பிள்ளையை அரசுப் பள்ளியிலா?' என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். வேனில் போக வர நேரத்தைத் தொலைக்கும் 'பெரிய' பள்ளியைவிட, மழை பெய்தால் நீங்களே குடையோடு போய் நிற்கக்கூடிய பள்ளி, புதிதாக வந்த குடும்பத்துக்கு நல்லது என்பது என் கட்சி. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு, 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. வேலைக்குப் போகும் வீட்டில் அதன் அருமை காலை ஏழு மணிக்குத் தெரியும்.

சின்னவன் விஷயம்தான் நிஜமான சிக்கல். தெருவில் 'பால்வாடி எங்கே?' என்று கேளுங்கள், எந்த மொழிக்காரரும் கை காட்டுவார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் விளையாட்டோடு முன்பருவக் கல்வி, மதியச் சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது எல்லாம் இலவசம். நேற்று குடிவந்தவர்களுக்கும் அதில் இடமுண்டு. ரேஷன் கார்டில் முகவரி மாறவில்லையே என்று தயங்க வேண்டாம். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், விட்டுப்போன ஊசி இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அங்கன்வாடி மாலை நான்கு மணிக்குள் பூட்டிவிடும், மே மாதத்தில் விடுமுறையும் விடும். ஆகவே வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் கேட்க வேண்டியது சம்பளத்தை மட்டுமல்ல, ஷிப்டை. காலை 6 முதல் 2 வரையிலான ஏ ஷிப்ட் என்றால் நீங்கள் திரும்பி வந்து அவனைக் கூட்டிக்கொள்ளலாம். காலையில் எழுப்பி, பல் துலக்கி, இருவரையும் கொண்டுபோய் விடுவது கணவர் வேலை. அவரும் அதே ஷிப்டில் இருந்தால் இது நடக்காது. ஜெனரல் ஷிப்ட் (காலையில் தொடங்கி மாலையில் முடியும் பகல் வேலை) என்றால் மாலை மூன்று மணி நேரம் தொங்கலில் நிற்கும். வாராவாரம் ஷிப்ட் மாறும் வேலை என்றால் நான் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கணவர் தன் மேற்பார்வையாளரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்க முடியுமா என்பதை அவரிடமே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் பெயருக்கு ஒரு வரிதான் வருகிறது. பிள்ளை இருவருக்கும்தானே?

அப்புறம் இன்னொன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக (கிரெஷ்) வசதி செய்து தர வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். நேர்முகத் தேர்விலேயே, 'கிரெஷ் எங்கே இருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தையையும் சேர்ப்பீர்களா?' என்று கேளுங்கள். தயக்கமாக இருந்தால் ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் பெண்களிடம் விசாரியுங்கள், அவர்கள் சொல்வதுதான் உண்மை நிலவரம்.

தனியார் டே கேர் பார்க்கப் போனால் காலையில் போகாதீர்கள், அப்போது எல்லாம் பளிச்சென்று இருக்கும். மாலை நான்கு மணிக்குச் சொல்லாமல் போங்கள். ஆயா களைத்திருக்கும் நேரம் அது. ஒரு ஆயாவிடம் எத்தனை பிள்ளைகள், கேட் பூட்டியிருக்கிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது, குழந்தையை அழைத்துப்போக யார் வந்தாலும் அனுப்பிவிடுகிறார்களா என்று பாருங்கள். உள்ளே வர வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திப் பேசும் இடம் வேண்டாம்.

நூலகத்துக்கு வருகிறேன். ஓசூரில் பொது நூலகத் துறையின் கிளை நூலகம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராகவே வேண்டாம். வீட்டுக்கு எடுத்துவர ஒரு சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும், முகவரிக்குச் சான்று கேட்டால் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். கிளை நூலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், அதனால் கணவருக்கு வார விடுமுறையன்று பிள்ளையைக் கூட்டிப்போகும் வேலையை அவருக்கே ஒதுக்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார் என்றாலும் வாடகையில் நீங்களும்தான் கட்டுகிறீர்கள். மூத்தவளை அங்கே தனியாக விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நூலகர் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆள் இல்லை, பாவம், பல கிளைகளில் எல்லா வேலைக்கும் அவர் ஒருவர்தான்.

கட்டணப் பாக்கியைப் பற்றிக் கடைசியாக. டிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் கடன் இல்லாமல் போய்விடாது. நியாயமான தொகை என்றால் தவணையாகக் கட்டுகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். மகளின் சேர்க்கை மட்டும் அதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.