அப்பாவின் துப்பாக்கியும் காட்டுப்பன்றியும்

கேள்வி: பேரையூர் பக்கம் 3 ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். இருட்டினால் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடுகின்றன. பயிர்க் காவலுக்கு அப்பா உரிமம் வாங்கி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. போன வருடம் அவர் காலமாகிவிட்டார். அதை நான் எடுக்கலாமா? சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள், விவசாயிக்கு இனி உரிமமே கிடையாது என்கிறார்களே?

பதில்: எடுக்காதீர்கள். அப்பாவின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. இப்போது அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பதே குற்றம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உடனே ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். அப்பாவின் உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் காட்டி, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குங்கள். அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். அப்புறம் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு ஆட்சியரிடம் மனுப் போடுங்கள். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும்.

விவசாயிக்கு உரிமம் கிடையாது என்பது தவறு. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையாகவே கேட்பவருக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. 2019 திருத்தம் அதில் கை வைக்கவில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3இலிருந்து 2 ஆக்கியது, கள்ளத் துப்பாக்கி செய்பவர்களுக்கும் கடத்துபவர்களுக்கும் தண்டனையைக் கூட்டியது. உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது விவசாயிக்கும் நல்லதுதான். பூட்டி வைப்பதிலும் பயிற்சியிலும் இன்னும் கண்டிப்பு வரட்டும், அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் விளைச்சல் அழிந்துகொண்டிருக்க, மனு மட்டும் மாதக்கணக்கில் மேசையில் கிடப்பது அநியாயம். கண்டிப்பான சட்டத்துக்கு விரைவான முடிவும் வேண்டும். இல்லாவிட்டால் ஜனங்கள் மின்வேலிக்கும் அவுட்டுக்காய்க்கும் (இரைக்குள் வைக்கும் நாட்டு வெடி) போவார்கள். அவற்றில் மனித உயிரும் போகிறது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆவது அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடவே கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம். எனவே உங்கள் நிலம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, சேதத்தைப் படம் எடுத்து வனச்சரகரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அதே மனுவில் பயிர்ச்சேத இழப்பீடும் கேளுங்கள்.

சரி, உரிம மனுவை மறுத்தால்? சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்க முடியாது. ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு 18ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யுங்கள். மனுவுக்குப் பதிலே வராவிட்டால், முடிவெடுக்க உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடலாம்.