குக்கர் மூன்றுக்கு மேல் எண்ணுவதில்லை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 52 வயது. ஊர் அருவங்காடு. ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். ஐந்து மாதமாகச் சனிக்கிழமை மதியம் குன்னூரில் பால்ரூம் டான்ஸ் வகுப்புக்குப் போய்வருகிறேன். இந்த வயதில் எதற்கு என்று நீங்களும் நினைக்கலாம். என் அப்பா ஒரு கிளப்பில் பட்லராக இருந்தார். டிசம்பரில் அங்கே நடக்கும் டான்ஸை சமையல்கட்டு வாசலில் நின்று பார்ப்பேன். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக ஜோடி ஜோடியாகச் சுற்றி வருவார்கள். திரும்பும்போது கவுன் விரிந்து அடங்கும். அது மனதிலேயே நின்றுவிட்டது.

என் வேதனை இதுதான். வகுப்பில் பெண்கள் பதினோரு பேர், ஆண்கள் நான்கே பேர். நான் கொஞ்சம் உயரம். அதனால் முதல் நாளே என்னை ஆண் பக்கம் நிறுத்திவிட்டார் மாஸ்டர். வால்ட்ஸ் என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஜோடியாக ஆடும் ஆட்டம். அதில் ஆண் இடது காலை முன்னால் வைத்துத் தொடங்க வேண்டும், பெண் வலது காலைப் பின்னால் வைக்க வேண்டும். ஐந்து மாதமாக நான் முன்னால்தான் போகிறேன். தீபாவளிக்குப் பிறகு சேர்ந்த ஒரு அம்மாவுக்கு இரண்டாவது வாரமே ஜோடி கிடைத்தது. அவர் காரில் வருகிறார், நான் பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், அதுதான் காரணமோ தெரியவில்லை. நான் என்ன ஆம்பிளையா மேடம்? ஒருநாளாவது பெண்ணாக ஆடக் கூடாதா?

வீட்டுக்காரருக்கு நான்கு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கோலூன்றி பாத்ரூம் வரை போவார், பேச்சு நிதானமாக வரும். அவரிடம் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஷூகூட தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறது. ஒருநாள் அடுப்படியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே கால் வைத்துப் பார்த்தேன். “என்ன எண்ணிட்டிருக்கே?” என்று கேட்டார். குக்கர் விசில் என்றேன். “உன் குக்கர் மூணுக்கு மேல போகவே மாட்டேங்குதே” என்றார். அதை விடுங்கள்.

போன மாதம் மாஸ்டரே என்னைப் பிடித்து ஆடினார். பின்னால் கால் வைக்கவே வரவில்லை. “அம்மா, நீங்க என்னை இழுத்துட்டுப் போறீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். என்னை ஆண் பக்கமே பழக்கிவிட்டு அப்புறம் சிரித்தால் என்ன நியாயம்? அவர் என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறாரா? வகுப்பை விட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம், அருவங்காடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

மாஸ்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெண்கள் அதிகமாக இருக்கும் வகுப்பில் பெண்களே ஆண் பக்கமும் ஆடுவது வழக்கம்தான், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் ஐந்து மாதம் ஒரே பக்கம் நிறுத்தியது அவருடைய கவனக்குறைவு. “இனிமேல் பாதி நேரம் எனக்குப் பெண் பக்கம் வேண்டும்” என்று கேளுங்கள். நீங்கள் அதைக் கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

“அதை விடுங்கள்” என்று எழுதினீர்களே, அந்த இடத்தை என்னால் விட முடியவில்லை. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தக் குக்கரிடம் வந்துதான் நின்றேன்.

உங்கள் வீட்டுக்காரர் குக்கர் விசிலை எண்ணத் தெரியாதவர் அல்ல. நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒவ்வொரு சத்தமும் தெரியும். சனிக்கிழமை நீங்கள் திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். அவர் விளையாட்டாக ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தார், நீங்களாகச் சொல்வீர்கள் என்று. நீங்கள் சொல்லவில்லை.

கால் விழுந்தவரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் நொந்துபோவார் என்று பயந்திருப்பீர்கள். பாசத்தில் மறைத்ததுதான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீங்களாகவே முடிவு செய்தது சரியில்லை. மனைவி எங்கே போகிறாள், எதில் சந்தோஷப்படுகிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கால் தேவையில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன். மாத்திரை, பிசியோதெரபி, பேங்க், ரேஷன், கரண்ட் பில் எல்லாம் நான்கு வருடமாக உங்கள் தலையில்தான் இருக்கும். வீட்டிலும் நீங்கள்தான் முன்னால் போகிறீர்கள். ஒரு மணி நேரமாவது வேறொருவர் வழி பார்த்துக்கொள்ளட்டும், நான் பார்க்காமல் பின்னால் கால் வைக்கிறேன் என்று உங்கள் உடம்பு கெஞ்சுகிறது. அது கிடைக்காத அழுகையைத்தான் மாஸ்டர் மேல் போட்டிருக்கிறீர்கள். அவரை இழுத்துக்கொண்டு போனீர்கள் என்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அது நான்கு வருடப் பழக்கம்.

அப்புறம், ஜோடி பிடிக்கும் முறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆணின் வலது கை பெண்ணின் முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல். பெண்ணின் வலது கை ஆணின் இடது கைக்குள். உங்கள் வீட்டுக்காரருக்கு இடது கை நன்றாக இருக்கிறது! அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விரலால் தாளம் தரலாம். மெதுவான வால்ட்ஸில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 90 தட்டு வரும். மூன்றில் முதல் தட்டை மட்டும் தந்தால் 30, இரண்டு நொடிக்கு ஒன்று. அதை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அந்தத் தட்டுக்குக் காத்திருந்து வலது காலைப் பின்னால் வையுங்கள். அவரை எழுப்பி நிறுத்தி ஆடிப் பார்க்கும் ஆசை வந்தால் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

சொன்னதும் அவர் மகிழ்ந்துவிடுவார் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஐந்து மாதம் மறைத்ததற்குக் கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது, பதில் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பை மட்டும் விடாதீர்கள்.

இந்த வாரமே ஷூவைத் தங்கச்சி வீட்டிலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். வாசலில், அவர் செருப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். யாருடையது என்று அவர் கேட்பார்.