கடலடிச் சரிவில் உள்ள பள்ளங்களை மணலும் சேறும் எப்படி நிரப்புகின்றன?

தண்ணீருக்குள் மணல் எப்படி ஆறு போல ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். சேறும் மணலும் கலந்த நீர், சுற்றியுள்ள தெளிந்த கடல்நீரைவிடக் கனம். அதனால் தரையை ஒட்டியே சரிவில் இறங்குகிறது. இதற்குக் கலங்கல் நீரோட்டம் என்று பெயர்.

மெக்சிகோ வளைகுடாவைப் பாருங்கள். அங்கே கண்டச் சரிவுக்கு, அதாவது கண்டத்தின் ஓரம் ஆழ்கடலை நோக்கி இறங்கும் கடலடிச் சரிவுக்கு, அடியில் ஜுராசிக் காலத்து உப்புப் படுகை இருக்கிறது. மேலே வண்டல் ஏற ஏற, உப்பு பிசைந்த மாவு போலப் பிதுங்கி ஓரங்களில் எழும்பும், நடுவில் பள்ளம் விழும். டெக்சாஸ் கரைக்கு அப்பால் பிராசோஸ்-டிரினிட்டி பகுதியில் இப்படி நான்கு பள்ளங்கள் சங்கிலியாக இருக்கின்றன.

ஓட்டம் பள்ளத்துக்குள் வந்ததும் வேகம் தணியும். பருமணல் முதலில் விழும், அப்புறம் நுண்மணல், கடைசியில் சேறு. ஒரு கண்ணாடி பாட்டிலில் மணலும் களிமண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். சில நொடிகளில் மணல் அடியில் தங்கிவிடும், மேலே நீர் மறுநாள்கூடக் கலங்கலாகவே இருக்கும்.

பள்ளம் நிரம்பினால்? ஏரி மறுகால் பாய்வது போல, தாழ்ந்த விளிம்பு வழியாக அடுத்ததற்குப் பாயும். ஆனால் ஏரி உவமை முழுக்கப் பொருந்தாது. ஓட்டம் தடிமனாக இருந்தால், பள்ளம் நிரம்பும் முன்பே அதன் மேல்பகுதி விளிம்பைத் தாண்டிவிடும். மேல்பகுதியில் இருப்பது பெரும்பாலும் சேறு. ஆகவே கீழ்ப் பள்ளத்துக்கு முதலில் சேறும், மேல் பள்ளம் நிரம்பிய பிறகே மணலும் வந்து சேரும். இந்த விளக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இந்த மணலில் பெரும்பகுதி, கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்த கடைசிப் பனியுகத்தில் வந்தது. அப்போது ஆறுகள் சரிவின் விளிம்புக்கே வந்து வண்டலைக் கொட்டின.