கண்குழியில் வீக்கம்: ஸ்டீராய்டு போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு மாதமாக இடது கண் வெளியே தள்ளியிருக்கிறது, வலி இல்லை. ஸ்கேனில் கண்ணீர்ச் சுரப்பி வீக்கம், ‘சூடோடியூமரா, கட்டியா’ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். முதலில் பயாப்சி, அதாவது சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

சூடோடியூமர் என்பது கட்டி மாதிரித் தெரியும் அழற்சி, புற்றுநோய் அல்ல. மற்ற நோய்களை விலக்கிய பிறகே அந்தப் பெயரை வைக்கலாம். பெரும்பாலும் சில நாட்களிலேயே வலி, சிவப்போடு வந்துவிடும். வலியில்லாமல் மெல்ல வந்தால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும்! ‘குணமாகிவிட்டது’ என்று விட்டால் மறுபடி தலைதூக்கும். இடையில் எடுக்கும் பயாப்சியிலும் பிடிபடாமல் போகலாம்.

வீட்டு வளவில் மாட்டியிருக்கும் பழைய கல்யாணப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். கண் அப்போதே கொஞ்சம் எடுப்பாக இருந்ததா? அப்பச்சியைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையைச் சற்று அண்ணாக்கச் சொல்லி மேலிருந்து பாருங்கள். எந்தக் கண் முந்துகிறது என்று தெரியும். மருத்துவர் இதையே கருவியால் அளப்பார். இரு கண்ணுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கணக்கில் எடுப்போம். தாடைக்குக் கீழேயும் தொட்டுப் பாருங்கள். அங்கும் வீக்கம் இருந்தால் ஐஜிஜி4 நோயாக இருக்கலாம்; சுரப்பிகளை வீங்கவைக்கும் ஒருவகை அழற்சி அது. ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 135 மி.கி.க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். ஆனால் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்றாகாது. தைராய்டு, ஆன்கா (ரத்தக்குழாய் அழற்சிக்கான ரத்தச் சோதனை), காசநோய்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் கூடவே.

மேல் இமை மடிப்பில் சிறு கீறல் போட்டுத் துணுக்கு எடுப்பார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். ஒரு பகுதி, துணுக்கு கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் போகட்டும், இன்னொன்றைப் பார்மலினில் போடாமல் லிம்போமா சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே ஒரு விலக்கு: ஸ்கேனில் சுரப்பி உருண்டையாக, விளிம்பு தெளிவாக, பக்கத்து எலும்பைக் குழித்திருந்தால் கிள்ளக்கூடாது. அந்த வகைக் கட்டியை உறையோடு முழுசாக எடுக்க வேண்டும். உறை கிழிந்தால் வருடங்கள் கழித்தும் திரும்பி வரும்.

அழற்சிதான் என்று உறுதியானால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மி.கி., காலையில், பிறகு இரண்டு மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுவார்கள்.

மதுரைக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் சிடியும் வேண்டும். பார்வை மங்கினாலோ, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ, கன்னம் மரத்தாலோ, மூக்கில் கறுப்பாகப் பொருக்கு வந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கறுப்புப் பூஞ்சையாக இருந்து, அதற்கு ஸ்டீராய்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.