வக்கீல் நோட்டீஸ் வந்தப்புறம் வீட்டை மனைவி பேருக்கு எழுதலாமா?

கேள்வி: நானும் ஃப்ரெண்டும் அம்பத்தூர் எஸ்டேட்ல பார்ட்னர்ஷிப்ல லேத் பட்டறை நடத்துறோம். இரும்பு சப்ளை பண்ணவருக்கு 32 லட்சம் பாக்கி, போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. கொளத்தூர் வீடு என் பேர்ல இருக்கு. உடனே மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடுன்னு மச்சான் சொல்றார். செய்யலாமா?

பதில்: எழுதாதீங்க சார். மச்சான் நல்லெண்ணத்துல தான் சொல்றார், ஆனா வாரத்துக்கு ரெண்டு பேராவது இதையே கேட்டு என்கிட்ட வர்றாங்க, அதுல பாதிப் பேர் எழுதி முடிச்சுட்டு தான் வர்றாங்க.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, 53ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கடன் கொடுத்தவரை ஏமாத்தணும்னு சொத்தை மாத்தினா, அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி அவர் கேஸ் போடலாம். காசு கொடுத்து நியாயமா வாங்கினவருக்குப் பாதுகாப்பு உண்டு, உங்க மனைவி ஒரு பைசா கொடுக்காம வாங்கினா அதுவும் இல்ல, அதுலயும் நோட்டீஸ் தேதிக்கு அடுத்த வாரம் பத்திரத் தேதி இருந்தா ஜட்ஜுக்கு வேற சாட்சி எதுக்கு. சப்ளையரோட வக்கீல் ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தா அன்னைக்கே தெரிஞ்சிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. இந்த மாதிரி வியாபார பாக்கி கேஸ்ல, அவசர உத்தரவு கேக்கலேன்னா, கேஸ் போடறதுக்கு முன்னாடி மீடியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்கு, போயே ஆகணும், 2015 கமர்ஷியல் கோர்ட் சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்களுக்கு மூச்சு விட டைம் அங்க தான். வீட்டை மாத்தினீங்கன்னா 'பாருங்க, சொத்தைக் கை மாத்துறார்'னு சொல்லி அவர் நேரா கோர்ட்டுக்குப் போய் தீர்ப்புக்கு முன்னாடியே ஜப்தி கேப்பார். காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

'மஞ்சக் கடுதாசி கொடுத்துடலாமா'ன்னு அடுத்து கேப்பீங்க. அதுலயும் தப்பிக்க முடியாது. சென்னைக்கு இருக்கிற 1909 இன்சால்வென்சி (திவால்) சட்டத்துல, நீங்க இன்சால்வென்ட்டுனு உத்தரவாகறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல சும்மா எழுதிக் கொடுத்த சொத்து செல்லாது.

சரி, சட்டமே எதைத் தொட விடாதுன்னு பாப்போம். சிபிசி, அதாவது சிவில் நடைமுறைச் சட்டம், 60ஆவது பிரிவுல இருக்கு: பிபிஎஃப், பிஎஃப் பணம், உங்க எல்ஐசி பாலிசில வர்ற பணம், வீட்டுப் பாத்திரம், படுக்கை, துணிமணி, தாலியும் கூட. குடியிருக்கிற வீடு விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் இவங்களுக்குத் தான், நமக்குக் கிடையாது. மனைவியோட சீதனம், அவங்க சம்பாத்தியத்துல வாங்கினது உங்க கடனுக்கு வராது, பில், பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்க.

பாதி என்னது பாதி ஃப்ரெண்டுதுன்னு நினைச்சிருந்தா அதை மறந்துடுங்க, பார்ட்னர்ஷிப்ல முழு 32 லட்சத்தையும் உங்ககிட்ட மட்டுமே கேக்கலாம். எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் (தொழில் கடனுக்கு உங்க சொந்த சொத்து வராத அமைப்புங்க) எல்லாம் அஞ்சு வருஷம் முன்னாடி யோசிச்சிருக்கணும், இப்ப மாத்தினாலும் பழைய கடன் உங்க தலைல தான். இனிமே மாத்தறதா இருந்தா, பேங்க்ல பர்சனல் கேரண்டில கையெழுத்துப் போட்டா அந்த லிமிடெட்டுக்கு அர்த்தமே இல்ல, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

உங்களுக்கு வெளிய எவ்வளவு வரணும்? உத்யம்ங்கிற சிறு, குறு தொழில் பதிவு இருந்தா 45 நாளைக்கு மேல இழுத்தடிக்கிற கம்பெனிகிட்ட ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேக்கலாம். அந்தப் பணம் வந்தா மீடியேஷன்ல உக்காந்து தவணை பேசறதுக்கு கையில ஏதாவது இருக்கும்.

ஒண்ணு கேக்க விட்டுட்டேன், அவருக்கு செக் ஏதாவது கொடுத்து ரிட்டர்ன் ஆயிருக்கா? நோட்டீஸை மறுபடி படிங்க. 138னு (செக் ரிட்டர்ன் ஆனா போடற கேஸோட பிரிவு) போட்டிருந்தா, அது கைக்கு வந்த நாள்லேர்ந்து பணம் கட்ட 15 நாள் தான் டைம், அதுல ஒரு வாரம் ஏற்கனவே போயிடுச்சு.